ஓங்கிலைத் தேடிப் போன பேராசிரியர்

கண்ணை மூடினாலும் வழி தவறாத பிராணி! தாடையால் கேட்கும் அதிசயம்! லட்சக்கணக்கான உயிர்களைக் காக்க வந்த சட்டம்!

திக்குத் தெரியாமல் தவிப்பவனைப் பார்த்தால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று சொல்வோம். கண் மறைந்துவிட்டால் மனிதன் திகைத்துப் போகிறான். நாலு அடி நடப்பதற்குள் எதிலாவது முட்டிக்கொள்கிறான்.

ஆனால் கண்ணைக் கட்டித் தண்ணீரில் விட்டாலும் திகைக்காத பிராணி ஒன்று உண்டு. அதுதான் டால்பின். நம் கடற்கரை மீனவர்கள் அதை ஓங்கில் என்று அழைக்கிறார்கள்.

பார்வைக்கு டால்பின் மீன் போலவே இருக்கும். ஆனால் அது மீன் அல்ல. மூச்சு விடுவதற்காக அடிக்கடி நீருக்கு மேலே வரும். அதன் மூக்குத் துவாரம் தலை உச்சியில் இருக்கிறது. மாட்டைப் போல, ஆட்டைப் போல, அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

கண்ணின் உதவி இல்லாமலே இந்தப் பிராணி வழி கண்டுபிடிக்கிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தவர்களில் முக்கியமானவர் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். அவர் பெயர் கென்னத் நாரிஸ். டால்பின்களைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்தார். அது போதாது என்று கண்டு கடலுக்கே போனார். அவை லட்சக்கணக்கில் மடிவதை அறிந்ததும், அவற்றைக் காக்கும் முயற்சியில் இறங்கினார்.

பாலைவனத்தில் தொடங்கிய படிப்பு

கென்னத் நாரிஸ் 1924-ம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். அந்த ஊரிலேயே உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் பிராணி நூல் பயின்றார்.

கடல் பிராணிகளால் பெயர் பெற்றவர் முதலில் ஆராய்ந்தது எதைத் தெரியுமா? ஒரு துளித் தண்ணீருக்கும் பஞ்சமான பாலைவனத்திலே வாழும் ஒருவகைப் பெரிய பல்லியை!

அங்கே ரேமண்ட் கவுல்ஸ் என்ற பேராசிரியர் இருந்தார். பாம்பும் பல்லியும் பாலைவன வெயிலை எவ்வாறு சமாளிக்கின்றன என்று ஆராய்ந்து புகழ் பெற்றவர் அவர். காலையில் வெயில் காய்வது, உச்சி வேளையில் நிழலுக்கோ வளைக்கோ ஓடுவது, இப்படி இடம் மாறி மாறியே அவை உடல் சூட்டைச் சரியாக வைத்துக்கொள்கின்றன. கூண்டில் அடைத்த பல்லியைப் பார்த்தால் இது புலப்படுமா? புலப்படாது. பல்லி வாழும் மணலுக்குப் போனால்தான் புலப்படும்.

கவுல்ஸிடம் நாரிஸ் கற்ற பாடம் இதுதான். ஒரு பிராணியை அறிய வேண்டுமானால் அதன் வீட்டுக்குப் போக வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த வேலை எல்லாவற்றுக்கும் இதுவே அஸ்திவாரம்.

பிறகு அவர் பாலைவனத்தை விட்டுக் கடலுக்கு வந்தார். தெற்குக் கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் சமுத்திர ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஒருவகை மீன் எந்தச் சூடுள்ள நீரை விரும்புகிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார்.

கடற்கரையில் கிடந்த மண்டையோடு

1950-ம் ஆண்டு ஒரு சிறு சம்பவம் நடந்தது. அமெரிக்காவுக்குத் தெற்கே இருப்பது மெக்சிகோ தேசம். அங்கே கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் சான் பிலிப்பே என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் அருகே கடற்கரை மணலில் ஒரு மண்டையோடு கிடந்தது. நாரிஸ் அதை எடுத்தார்.

டால்பினுக்கு உறவான கடற்பன்றியின் மண்டையோடு அது. ஆனால் அதுவரை தெரிந்திருந்த எந்தக் கடற்பன்றியோடும் அது ஒத்துப்போகவில்லை. மிகவும் சிறியதாக இருந்தது.

மேலும் சில மண்டையோடுகள் கிடைத்தன. நாரிஸும் அவருடைய நண்பர் வில்லியம் மக்பார்லண்டும் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உலகம் அதுவரை அறியாத ஒரு பிராணி அது என்று 1958-ல் அறிவித்தார்கள். அந்த ஊரார் அதை வாக்கீட்டா என்பார்கள். ஸ்பானிஷ் மொழியில் சிறு பசு என்று பொருள்.

வாக்கீட்டா முழு வளர்ச்சி அடைந்தாலும் 5 அடி நீளத்துக்கு மேல் போவதில்லை. அந்த வளைகுடாவின் வடகோடியைத் தவிர உலகில் வேறு எங்கும் அது கிடையாது. உயிரோடு உள்ள வாக்கீட்டா எப்படி இருக்கும் என்பதை விஞ்ஞானிகள் சரியாக எழுதி வைத்ததே 1980-களில்தான். எலும்பைக் கொண்டே அதற்கு உலக அரங்கில் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நாரிஸ்.

கேத்தியின் கண்ணை மறைத்தார்கள்

1954-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே மரைன்லேண்ட் என்ற மாபெரும் கடல் பிராணிக் காட்சிசாலை திறக்கப்பட்டது. நாரிஸ் அதன் முதல் காப்பாளர் ஆனார். பிராணிகளைக் கொண்டுவருவது, தீனி போடுவது, நோய் நொடி பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கேதான் டால்பின்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அக்காலத்தில் விஞ்ஞானிகளிடையே ஒரு கேள்வி இருந்தது. கலங்கிய நீரிலும், கும்மிருட்டிலும் டால்பின்கள் வலையில் சிக்காமல் தப்பிவிடுகின்றனவே, எப்படி? புளோரிடாவில் இருந்த மெக்பிரைடு என்பவர் 1947-லேயே இதைக் கவனித்துக் குறித்து வைத்திருந்தார். வௌவால் சத்தமிட்டு, அதன் எதிரொலியைக் கேட்டு இருளில் பறக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. டால்பினும் அப்படித்தானோ என்று பலர் சந்தேகித்தார்கள். சோதனைகளும் நடந்தன. ஆனாலும் அது கண்ணால் பார்த்துத்தான் வழி அறிகிறது என்று வாதிக்க இடம் இருந்தது.

அந்த வாதத்துக்கு முடிவு கட்ட நாரிஸ் எண்ணினார். மரைன்லேண்டில் கேத்தி என்று ஒரு பெண் டால்பின் இருந்தது. அதன் கண்களை மூடுவதற்கு ரப்பரால் இரண்டு கிண்ணங்கள் செய்தார்கள். கண் மீது வைத்து அழுத்தினால் அவை ஒட்டிக்கொள்ளும்.

கேத்தி சுலபத்தில் சம்மதிக்கவில்லை. மெல்ல மெல்லப் பழக்க வேண்டியிருந்தது. கடைசியில் அது இரு கண்ணையும் மூட இடம் கொடுத்தது.

தண்ணீரில் குழாய்களைச் செங்குத்தாக, வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். கண் மூடிய கேத்தி அவற்றின் நடுவே புகுந்து புகுந்து நீந்தியது. ஒரு மீன் துண்டைப் போட்டால் நேரே போய்க் கவ்வியது. அப்போதெல்லாம் கட் கட் என்று விடாமல் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது.

இன்னொரு விசித்திரத்தையும் நாரிஸ் கவனித்தார். மீன் துண்டு கேத்தியின் தாடைக்குக் கீழே போய்விட்டால் அதைக் கண்டுபிடிக்க அதனால் முடியவில்லை. ஆகவே ஒலி எல்லாத் திசையிலும் பரவுவதில்லை. டார்ச் விளக்கின் வெளிச்சம் போல முன்னால் மட்டும் பாய்கிறது என்று தெரிந்தது. நாரிஸும் அவருடைய சகாக்களும் இந்தச் சோதனையின் முடிவை 1961-ல் வெளியிட்டார்கள்.

தாடையால் கேட்கிறது!

நீரில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. காற்றில் போவதைப் போல் இது நான்கு மடங்குக்கு மேல். நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியைத்தான் கேட்கும். டால்பினோ 1,50,000 அதிர்வுகள் வரை கேட்கும்.

சரி, அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? எதன் வழியே திரும்பி வந்து சேருகிறது?

நம்மைப் போல் டால்பின் தொண்டையால் ஒலி எழுப்பவில்லை என்றும், மூக்குப் பாதையில் உள்ள உறுப்புகளே ஒலியை உண்டாக்குகின்றன என்றும் நாரிஸ் வாதித்தார். நெற்றியில் மேடாக உள்ள கொழுப்பு அந்த ஒலியைக் குவித்து முன்னே அனுப்புகிறது. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போலத்தான் இதுவும்.

கேட்பது பற்றி அவர் சொன்னது இன்னும் விசித்திரமானது. டால்பினுக்கு வெளிக்காது கிடையாது. காது இருக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை மட்டுமே உண்டு. நாரிஸ் அதன் கீழ்த் தாடை எலும்பைப் பார்த்தார். பின்பக்கத்தில் அது மிக மெல்லியதாக இருந்தது. தாடைக்குள்ளே ஒருவகைக் கொழுப்பு நிறைந்திருந்தது. அந்தக் கொழுப்பு உட்காது வரை போய்ச் சேர்ந்தது.

இதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். டால்பின் தாடை வழியாகக் கேட்கிறது! 1964-ல் இதை வெளியிட்டபோது நம்புவதற்குக் கடினமாகவே இருந்தது. ஆனால் 1968-ல் தியடோர் புல்லக் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் டால்பின் மூளையில் எழும் மின் அசைவுகளை அளந்து பார்த்தார்கள். தாடைப் பக்கம் ஒலி பட்டபோது மூளை நன்றாகவே பதில் கொடுத்தது. நாரிஸின் கருத்து நிலைபெற்றது.

தொட்டியை விட்டுக் கடலுக்கு

1960-களில் நாரிஸின் பார்வை ஹவாய் தீவுகளின் பக்கம் திரும்பியது. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே உள்ள தீவுக் கூட்டம் அது. அங்கே அமைந்த கடல் பிராணிக் காட்சிசாலைக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அவர் ஆலோசகராகவும், பின்னர் ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராகவும் இருந்தார்.

அங்கே 1964-ல் துணிச்சலான ஒரு காரியம் செய்தார்கள். கெய்க்கி என்ற டால்பினைப் பழக்கித் திறந்த கடலில் விட்டார்கள். கெய்க்கி என்றால் ஹவாய் மொழியில் குழந்தை. சுதந்திரமாகக் கடலில் விட்ட பிராணி திரும்பி வருமா? வந்தது! அழைப்பு ஒலி கேட்டதும் படகுக்குத் திரும்பியது.

ஆனால் தொட்டியிலும் கூண்டிலும் உள்ள டால்பினைப் பார்த்து அறியக்கூடியது கொஞ்சம்தான் என்று நாரிஸ் உணர்ந்தார். டால்பின் தனியாக வாழும் பிராணி அல்ல. கூட்டம்தான் அதற்கு உலகம். ஒன்றிரண்டைப் பிடித்துத் தொட்டியில் போட்டுவிட்டு டால்பினின் குணத்தை அறிந்துவிட்டோம் என்று சொல்ல முடியுமா? பாலைவனத்தில் கற்ற பாடம் இப்போது அவருக்குக் கைகொடுத்தது.

கடலுக்கு அடியில் டால்பின் கூட்டத்தைப் பார்க்க ஒரு விசித்திரமான படகு கட்டினார்கள். அதன் அடியில் ஓர் அறை. அறைக்குக் கண்ணாடி ஜன்னல்கள். ஒருவர் உள்ளே இறங்கி உட்கார்ந்து, நீருக்குள் நடப்பதைப் பார்க்கலாம். அலையில் அது ஆடிய ஆட்டத்தில் உள்ளே இருந்தவருக்குக் குமட்டலும் மயக்கமும் வந்தன. படகுக்கு வைத்த வேடிக்கைப் பெயரிலேயே அந்தக் கடல் மயக்கத்தையும் சேர்த்துவிட்டார்கள்!

பகலில் உறக்கம், இரவில் வேட்டை

ஹவாய் தீவுகளில் மிகப் பெரியது ஹவாய் என்ற தீவே. அதன் மேற்குக் கரையில் கீலாகெகுவா என்ற விரிகுடா இருக்கிறது. 1779-ல் காப்டன் குக் கொல்லப்பட்ட இடம் இதுதான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. கீழே தெளிந்த நீர், வெண்மணல்.

அந்த விரிகுடாவுக்குச் சுழல் டால்பின்கள் கூட்டமாக வரும். அவை நீரிலிருந்து மேலே பாய்ந்து, காற்றிலே பம்பரம் போலச் சுற்றிவிட்டு விழும். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்றுக்கூடச் சுற்றும். இந்த இனம் வெப்பமான சமுத்திரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நம் தமிழ்நாட்டுக் கடலிலும், இலங்கையைச் சுற்றிய கடலிலும்கூட இருக்கிறது.

நாரிஸும் அவருடைய மாணவர்களும் சகாக்களும் 1960-களின் கடைசியிலும், மறுபடி 1979 முதலும் அங்கே முகாமிட்டார்கள். சிலர் பாறை மேல் உட்கார்ந்து, நிலம் அளப்போர் வைத்திருக்கும் தியோடலைட் கருவியால் கூட்டம் போகும் பாதையைக் குறித்தார்கள். சிலர் படகில் இருந்து முதுகுத் துடுப்புகளைப் படம் பிடித்தார்கள். துடுப்பில் உள்ள வெட்டும் கீறலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. அதை வைத்து இன்னது இன்ன டால்பின் என்று அடையாளம் கண்டார்கள்.

மாதக்கணக்கில் பார்த்ததில் டால்பின்களின் தினசரி வாழ்க்கை புலனாயிற்று.

விடிந்ததும் அவை விரிகுடாவுக்குள் வருகின்றன. கொஞ்ச நேரம் துள்ளி விளையாடுகின்றன. பிறகு விளையாட்டு அடங்குகிறது. ஒன்றுக்கொன்று நெருங்கி, வெண்மணலுக்கு மேலே மெல்ல அங்குமிங்கும் நீந்துகின்றன. ஒலி எழுப்புவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றன. சில நிமிஷங்களுக்கு ஒரு முறை எல்லாம் சேர்ந்து மூச்சு வாங்க மேலே வந்து, மறுபடி கீழே போகின்றன.

இதுதான் அவற்றின் உறக்கம்! நாலைந்து மணி நேரம் இப்படிப் போகிறது. வெண்மணலுக்கு மேலே உறங்குவது ஏன்? சுறா வந்தால் வெள்ளைத் தரையின் மேல் அதன் உருவம் பளிச்சென்று தெரிந்துவிடுமே!

பிற்பகலில் கூட்டம் விழிக்கிறது. மறுபடி துள்ளல், மறுபடி ஒலி. சில டால்பின்கள் கடலை நோக்கிப் பாய்கின்றன. உடனே திரும்பி வருகின்றன. மீண்டும் பாய்கின்றன, மீண்டும் திரும்புகின்றன. ஊர்க்கூட்டத்தில் போகலாமா வேண்டாமா என்று விவாதிப்பது போல இருக்கும். எல்லாம் தயாரான பிறகுதான் மொத்தக் கூட்டமும் வெளியேறும்.

இருட்டியதும் அவை ஆழ்கடலுக்குப் போகின்றன. பகலெல்லாம் ஆழத்தில் பதுங்கியிருக்கும் சிறு மீன், கணவாய், இறால் எல்லாம் இரவில்தான் மேலே வரும். இரவு முழுவதும் டால்பின்கள் அவற்றை வேட்டையாடுகின்றன. இன்று ஒரு கூட்டத்தில் இருக்கும் டால்பின் நாளை வேறொரு கூட்டத்தில் இருக்கும். கூட்டங்கள் இப்படிப் பிரிந்தும் கூடியும் வாழ்கின்றன.

சரி, காற்றில் சுழல்வது ஏன்? சுழன்று விழும்போது பெருஞ்சத்தம் எழுகிறது. நீரில் குமிழிகள் கொத்தாகக் கிளம்புகின்றன. நான் இங்கே இருக்கிறேன் என்று தூரத்தில் உள்ள தோழர்களுக்கு அது ஓர் அடையாளமாகலாம் என்று நாரிஸ் கருதினார்.

வலையில் மடிந்த லட்சங்கள்

நாரிஸ் ஹவாயில் டால்பின்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே சமுத்திரத்தின் கிழக்குப் பகுதியில் பெரும் கொடுமை நடந்துகொண்டிருந்தது.

அங்கே மஞ்சள் துடுப்புச் சூரை மீன்கள் டால்பின் கூட்டத்துக்குக் கீழேயே நீந்திப் போகும். மேலே டால்பின் தெரிந்தால் கீழே சூரை இருக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். 1950-களின் கடைசியில் மிகப் பெரிய சுருக்குமடி வலைகள் வந்தன. விசைப்படகுகளால் டால்பின்களைத் துரத்திக் களைக்கச் செய்து, கூட்டத்தையே வலையால் வளைத்தார்கள். வலையைச் சுருக்கியபோது சூரை அகப்பட்டது. டால்பின்களும் அகப்பட்டன. மூச்சு விட மேலே வர முடியாமல் அவை வலையில் சிக்கி மடிந்தன.

ஒன்றல்ல, நூறல்ல. 1960-களில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மடிந்தன!

வலையின் மேல் விளிம்பில் மிதவைகள் இருக்கும். டால்பின் ஒரு தாவு தாவினால் வெளியே போய்விடலாம். ஆனால் அது தாவுவதில்லை. என்ன காரணம்?

1970-களில் நாரிஸும் சகாக்களும் சூரைப் பிடிக்கும் கப்பலிலேயே போய், வலைக்குள் டால்பின்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்தார்கள். திறந்த சமுத்திரத்தில் பிறந்து வளர்ந்த பிராணி அது. சுவர் என்பதையே அது கண்டதில்லை. வலைக்குள் அகப்பட்டதும் கூட்டம் ஒன்றாக நெருங்கிக் கப்பலுக்கு எதிர்ப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. சில டால்பின்கள் செத்தவை போல வலையின் அடியில் அசையாமல் கிடக்கின்றன. அவை சாகவில்லை என்று தெரிந்தால்தான் மீனவர் காப்பாற்றுவார்!

மீனவர்களே ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தார்கள். வலையைப் பாதி இழுத்ததும் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்துவது. அப்போது எதிர்க் கோடியில் வலையின் விளிம்பு நீருக்குள் அமிழும். அங்கே ஒதுங்கி நிற்கும் டால்பின்கள் அதன் மேலாக வெளியே நழுவிவிடும். அந்தக் கோடியில் சிறு கண்ணி வலையைப் பொருத்தியதால் மூக்கும் துடுப்பும் சிக்குவதும் குறைந்தது. டால்பினின் குணம் தெரியத் தெரிய, அதைத் தப்புவிக்கும் வழியும் சீராயிற்று.

சட்டம் பிறந்தது

வழி தெரிந்தால் போதாது. அதைக் கடைப்பிடிக்கக் கட்டாயம் வேண்டும். 1972-ல் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தை வகுக்க உதவியவர்களில் நாரிஸும் ஒருவர். திமிங்கிலம், டால்பின், கடல் சிங்கம் முதலியவற்றைப் பிடிக்கவும் கொல்லவும் துன்புறுத்தவும் அது தடை விதித்தது.

சட்டம் வந்தும் சாவு உடனே நிற்கவில்லை. ஒருவர் சூரைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, டால்பின்கள் மடிவதை ரகசியமாகப் படம் பிடித்து 1988-ல் வெளியிட்டார். அமெரிக்க மக்கள் கொதித்தார்கள். டப்பியில் அடைத்த சூரையை வாங்க மறுத்தார்கள். 1990-ல் பெரிய டப்பிக் கம்பெனிகள் டால்பினை வளைத்துப் பிடித்த சூரையை வாங்குவதில்லை என்று அறிவித்தன. 1998-ல், அந்தக் கடலில் வலையில் மடிந்த டால்பின்களின் எண்ணிக்கை 2,000-க்கும் கீழே இறங்கியது. லட்சம் எங்கே, 2,000 எங்கே!

நிலத்தையும் காத்தவர்

நாரிஸ் கடலோடு நிற்கவில்லை. மாணவர்கள் போய்ப் படிக்க வேண்டிய காடும் மேடும் வீட்டு மனைகளாக மாறுவதைக் கண்டார். இயற்கையான நிலங்களைச் சர்வகலாசாலையே ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரும் நண்பர்களும் பாடுபட்டதன் பயனாக 1965-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் அத்தகைய திட்டம் ஏற்பட்டது. ஏழு இடங்களோடு தொடங்கிய அதில் இன்று 40-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன.

1972 முதல் சாண்டா குரூஸ் என்ற கடற்கரை ஊரில் உள்ள சர்வகலாசாலைக் கிளையில் அவர் பேராசிரியராக இருந்தார். அவருடைய வகுப்பு ஒன்றுக்கு நாற்காலியும் மேஜையும் கிடையாது. மாணவர்கள் வாரக்கணக்கில் பாலைவனத்திலும் மலையிலும் கடற்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கண்டதைக் கண்டபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள். அதுதான் பாடம்!

எல்லோருக்கும் புரியும்படி எழுதவும் அவருக்குத் தெரியும். சுழல் டால்பின்களைப் பற்றி 1991-ல் எழுதிய டால்பின் டேஸ் என்ற புத்தகத்துக்கு, இயற்கையைப் பற்றிய நூல்களுக்குத் தரும் ஜான் பரோஸ் பதக்கம் அடுத்த ஆண்டே கிடைத்தது.

யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? டால்பின்கள் பெருஞ்சத்தத்தால் மீன்களை மயங்கச் செய்து பிடிக்கலாம் என்று 1983-ல் நாரிஸும் டென்மார்க் விஞ்ஞானி ஒருவரும் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். பின்னால் மற்றவர்கள் மீன்களை அத்தகைய சத்தத்துக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். மீன்கள் மயங்கவில்லை. ஆனாலும் பலரைச் சோதனை செய்யத் தூண்டிய கருத்து அது.

அவர் விட்டுப் போனது

1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கென்னத் நாரிஸ் சாண்டா குரூஸில் காலமானார். வயது 74. அந்தச் சர்வகலாசாலையில் அவர் பெயரால் ஓர் இயற்கை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஹவாய் டால்பின்கள் பகலில் உறங்குகின்றன என்று அவர் கண்டது இன்றும் பயன்படுகிறது. உல்லாசப் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக விரிகுடாக்களுக்கு வந்து, உறங்கும் டால்பின்களோடு நீந்தத் தொடங்கினார்கள். அவற்றின் தூக்கம் கெட்டது. 2021-ல் அமெரிக்க சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. ஹவாய்க் கரைகளிலிருந்து 2 கடல் மைலுக்குள் சுழல் டால்பினை 50 கெஜத்துக்குள் யாரும் நெருங்கக் கூடாது. அவை பகலில் உறங்குவது தெரியாமல் இருந்தால் இப்படி ஓர் உத்தரவு வந்திருக்குமா?

ஆனால் அவர் பெயர் வாங்கிக் கொடுத்த வாக்கீட்டாவின் கதை வேறு. அது வாழும் கடலில் டொட்டோவாபா என்ற பெரிய மீன் இருக்கிறது. அதன் வயிற்றில் உள்ள காற்றுப்பையை நம் மீனவர்கள் நெட்டி என்பார்கள். அதற்குச் சீனாவில் பெரும் விலை. ஆகவே தடையை மீறிச் செவுள் வலை போடுகிறார்கள். அந்த வலையில் வாக்கீட்டாவும் சிக்கி மடிகிறது.

1997-ல் எண்ணியபோது சுமார் 570 வாக்கீட்டாக்கள் இருந்தன. சமீப ஆண்டுகளில் எண்ணியபோது சுமார் 10 மட்டுமே எஞ்சியிருந்தன. அந்தச் சிலவற்றோடு குட்டிகளும் காணப்பட்டன என்பது ஒன்றே ஆறுதல்.

சூரை வலையிலிருந்து டால்பின்கள் பிழைத்தன. அவற்றின் குணத்தை விஞ்ஞானிகள் அறிந்தார்கள். சட்டம் வந்தது. மீனவர்கள் வழக்கத்தை மாற்றினார்கள். ஜனங்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள். வாக்கீட்டாவின் விஷயத்தில் விஞ்ஞானிகள் அறிந்து சொல்லியும், சட்டம் வந்தும், வலை நிற்கவில்லை. நாரிஸ் மணலிலிருந்து எடுத்த மண்டையோட்டுக்கு உரிய அந்த இனம் பிழைக்குமா என்பது, அந்த வலை நிற்பதைப் பொறுத்தே இருக்கிறது.